முப்பதாண்டு மௌனம்

ஒரு படைப்புத் தோற்றுவிட்டது என்று எப்போது தீர்ப்பிடலாம்? வெளிவந்த ஓராண்டிலா, பத்தாண்டிலா? இதற்கு விடை கூறத் துணிவோர், பிரித்தானியப் பாடகி வாஷ்டி பன்யனின் இசைத்தட்டு ஒன்றின் வரலாற்றை அறிந்திருத்தல் நன்று. 1970-இல் வெளிவந்து, விலைபோகாமல் மறைந்து, 30 ஆண்டுகளுக்குப் பின் மறுபதிப்புக் கண்ட 'ஜஸ்ட் அனதர் டயமண்ட் டே' என்னும் பாடல் தொகுப்பு அது. 'இன்னுமொரு வைர நாள்' என அப்பெயரைத் தமிழில் சொல்லலாம்.

1960-களின் பிற்பகுதியில் மேலை இசையுலகில் புதிய போக்கொன்று தோன்றியது. பழைய நாட்டுப்பாடல் மரபோடு கனவுத்தன்மை கொண்ட ஒலிகளையும் காட்சிகளையும் கலந்து இளைஞர் பாடினர். அதற்குச் 'சைக்கடெலிக் ஃபோக்' என்று பெயர் வழங்கிற்று. போதைப் பழக்கத்தின் சாயல் அப்பெயரில் படிந்திருப்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் வாஷ்டியின் பாடல்களில் நாம் காண்பவை குதிரையும் குளமும் மின்மினியும் ஆறுமே. தம்மை நாட்டுப்பாடல் பாடகி என அழைப்பதைக்கூட அவர் விரும்பியதில்லை.

1945-இல் பிறந்த அவர் ஆக்ஸ்ஃபோர்டில் ஓவியம் பயிலச் சென்றார். ஓவியத்தைவிடப் பாட்டில் மனம் செலுத்தியதால் அங்கிருந்து வெளியேற்றப்பட்டார். பாப் டிலனின் இசைத்தட்டைக் கேட்டபோது, பாடுவதே தம் வழி என்று உறுதி கொண்டார். 1965-இல், ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் மேலாளராய் இருந்த ஆண்ட்ரூ லூக் ஓல்டம் அவருடைய முதல் தட்டை வெளியிட்டார். அது எடுபடவில்லை.

மனம் சோர்ந்த வாஷ்டி 1968-இல் நகர வாழ்வை விட்டு, தம் துணைவருடன் குதிரை வண்டியொன்றில் வடக்கு நோக்கிப் புறப்பட்டார். ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவுப் பகுதியில் பாடகர் டொனோவன் கலைஞர்களுக்கென ஒரு குடியிருப்பை அமைக்க எண்ணியிருந்தார். அங்கே சேர்வதே அவர்களது நோக்கம். பெஸ் என்னும் குதிரை இழுத்த வண்டி ஊர் ஊராய் மெல்ல நகர்ந்தது. நெடுநாள் கழித்து அவர்கள் போய்ச் சேர்ந்தபோது, எண்ணி வந்த கூட்டு வாழ்வு அங்கே நிலைத்திருக்கவில்லை. ஆனால் வழியெல்லாம் பாடல்கள் பிறந்திருந்தன. நடக்கும் குதிரையை நோக்கிப் பாடிய பாட்டும் அவற்றுள் ஒன்று.

அப்பாடல்களை 1969-இன் இறுதியில் இலண்டனில் ஜோ பாய்டு என்னும் தயாரிப்பாளர் ஒலிப்பதிவு செய்தார். இராபர்ட் கர்பி சில பாடல்களுக்கு இசைக்கோவை அமைத்தார். இன்கிரெடிபிள் ஸ்டிரிங் பேண்டு, ஃபேர்போர்ட் கன்வென்ஷன் ஆகிய குழுக்களின் கலைஞர்களும் உடன் வாசித்தனர். மொத்தம் 14 பாடல்கள். அரைமணி நேர இசை.

ஓராண்டு கழித்து, 1970 டிசம்பரில் ஃபிலிப்ஸ் நிறுவனம் தட்டை வெளியிட்டது. சில நூறு படிகளே விற்றன என்பர். தம் குரலுக்கு மதிப்பில்லை என்று முடிவு செய்த வாஷ்டி, இசையை அடியோடு விட்டு, ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் பிள்ளைகளையும் விலங்குகளையும் வளர்த்து வாழ்ந்தார். கிதார் மூலையில் கிடந்தது. பெற்ற பிள்ளைகளுக்குக்கூட அவர் பாடியதில்லை. புகழ் இழப்பது ஒன்று. பாட்டையே இழப்பது வேறொன்று. இவ்வரலாற்றில் நம்மை மிகவும் வருத்துவது இதுவே.

அவர் அறியாமலேயே, எஞ்சிய சில படிகளைச் சிலர் போற்றிக் காத்து வந்தனர். பிற்காலத்தில் அத்தட்டு ஒன்று ஆயிரம் பவுனுக்கு மேல் விலைபோகும் அரும்பொருள் ஆயிற்று. 1997-இல் கணினி வாங்கிய வாஷ்டி, இணையத்தில் தம் பெயரைத் தேடியபோதுதான் தம் தட்டைத் தேடுவோர் இருப்பதை அறிந்தார். 2000-இல் அது குறுந்தகடாக மறுபிறப்பு எய்தியது. பின்னர் வினைல் தட்டாகவும் வந்தது.

வினைல் தட்டை வார்ப்பது பொறுமை வேண்டும் பணி. மூல ஒலிப்பதிவின் ஒலி, மெழுகு போன்ற பூச்சுடைய வட்டில் ஊசியால் வரியாக வெட்டப்படும். அதன்மேல் வெள்ளிப் படலமிட்டு, நிக்கல் படியவைத்து அச்சுகள் எடுப்பர். சூடாக்கிய வினைலை அவ்வச்சுகளுக்கிடையே அழுத்த, தட்டு உருவாகும். மறைந்துவிடும் எனக் கருதப்பட்ட இத்தொழில் மீண்டும் தழைத்துள்ளது. அமெரிக்காவில் 2022-இல், 1987-க்குப் பின் முதன்முறையாக, குறுந்தகடுகளைவிட வினைல் தட்டுகள் எண்ணிக்கையில் மிகுதியாய் விற்றன. மறக்கப்பட்ட பல குரல்களுக்கு இதனால் இரண்டாம் வாய்ப்புக் கிட்டியுள்ளது.

வாஷ்டிக்கும் அவ்வாறே நேர்ந்தது. டெவேந்திர பன்ஹார்ட் போன்ற இளங்கலைஞர் அவரை நாடி வந்தனர். முதல் தொகுப்புக்கு 35 ஆண்டுகளுக்குப் பின், 2005-இல், இரண்டாம் தொகுப்பு வெளிவந்தது, 2014-இல் மூன்றாவது. 2022-இல் தம் பயணக் கதையையும் நூலாக எழுதினார்.

'காலம் நீதி வழங்கும்' என்று கூறி இவ்வரலாற்றை முடித்துவிட ஆசை எழுகிறது. ஆனால் அதே ஜோ பாய்டு தயாரிக்க, அதே கர்பி இசைக்கோவை அமைக்கப் பாடிய நிக் டிரேக் என்னும் இளைஞரை நினைத்துப் பார்ப்போம். அவருடைய தட்டுகளும் அன்று விற்கவில்லை. 1974-இல், தம் 26-ஆம் வயதில் அவர் இறந்தார். உலகப் புகழ் வந்தபோது அதைக் காண அவர் இல்லை. காலம் தானாக எவருக்கும் நீதி வழங்குவதில்லை. ஒரு படியைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தவர், நண்பரை அழைத்துக் கேட்கச் செய்தவர், மறுபதிப்புக்கு முயன்றவர் ஆகிய மனிதர்களே அதை வழங்கினர். அப்படி வழங்கியபோதும், தாயின் பாட்டைக் கேளாது வளர்ந்த பிள்ளைகளின் குழந்தைப் பருவத்தை எந்த மறுபதிப்பும் திருப்பித் தரவில்லை.

நம் வீட்டிலும் தெருவிலும் பாடுகிறவர்கள், எழுதுகிறவர்கள், வரைகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களது ஆக்கம் நம் உள்ளத்தைத் தொட்டிருந்தால், அதை அவர்களிடம் இன்றே சொல்வோம். 'நன்றாயிருந்தது' என்னும் ஒரு சொல்லுக்காக எவரும் முப்பதாண்டு காத்திருக்க வேண்டாம்.