மால்ச்சாவை மறக்காதவர்கள்

சாணக்யபுரியில் மால்ச்சா மார்க் என்றால் ஆட்டோக்காரர் மேற்கொண்டு வழி கேட்கமாட்டார். கடைவீதி, மரநிழல், தூதரக வண்டிகள். அந்தத் தெருவுக்குப் பெயர் தந்த ஊர் என்ன ஆயிற்று என்பதுதான் பலருக்குத் தெரியாது.

1911 டிசம்பர் 12 அன்று, தலைநகர் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாறுவதாக தர்பாரில் ஐந்தாம் ஜார்ஜ் அறிவித்தார். ரைசினா, மால்ச்சா முதலான கிராமங்களின் நிலம் 1894-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின்படி கையகப்படுத்தப்பட்டது. மால்ச்சாவாசிகள் பலர் சோனிபட் பக்கம் ஹர்சானா கலானில் போய்க் குடியேறினார்கள். அவர்களுடைய வாரிசுகள் வசிக்கும் பகுதிக்கு இன்றும் மால்ச்சா பட்டி என்றுதான் பெயர். பழைய மால்ச்சா வட்டாரத்திலோ 1950-களில் தூதரகங்கள் எழத் தொடங்கின. எட்வர்ட் டுரல் ஸ்டோன் வடிவமைத்த அமெரிக்கத் தூதரகம் 1959-ல் திறக்கப்பட்டது. நூறாண்டுக்குப் பிறகும் வாரிசுகள் சிலர் இழப்பீடு கேட்டு தில்லி உயர் நீதிமன்றப் படியேறினார்கள்.

அந்த நிலத்தில் ஏர் பிடித்தே இராத கொள்ளுப்பேரன்களுக்கு இந்த வேகம் எங்கிருந்து வந்தது? தாத்தாக்கள் சொல்லக் கேட்டதிலிருந்துதான். அந்தத் தாத்தாக்களின் நினைவோ பல்லாயிரம் இரவுகளின் உறக்கத்தைக் கடந்து வந்தது.

உறக்கம் நினைவை அப்படியே பூட்டி வைப்பதில்லை. ஜெசிகா பெய்னும் சக ஆய்வாளர்களும் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், தெருவில் நொறுங்கிக் கிடக்கும் கார் போன்ற படங்களை இளைஞர்களுக்குக் காட்டினார்கள். ஓர் இரவு தூங்கி எழுந்தவர்களுக்குக் காரின் நினைவு நிலைத்தது, பின்னணித் தெரு மங்கியது. சாணக்யபுரிக்குத் தெற்கே ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் சுஷில் ஜா குழுவினர் எலிகளுக்கு ஓர் ஒலியோடு மின்னதிர்ச்சியையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அதன்பின் தூங்க விடாத எலிகளிடம் அந்தப் பயம் சரியாகப் பதியவில்லை என்று 2012-ல் எழுதினார்கள்.

முதுமை இதில் இன்னொரு மாற்றம் செய்கிறது. ஆழ்ந்த உறக்கம் வயதோடு குறைகிறது. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ரெபெக்கா ஸ்பென்சர் குழு 2016-ல் கண்டது இது: இளையோரின் உறக்கம் கசப்பான நினைவுகளுக்குச் சாதகமாக இருக்கிறது, முதியோரிடம் அந்தச் சாய்வு இனிமையான நினைவுகளின் பக்கம் திரும்புகிறது.

ஓர் இரவு ஆய்வை ஒரு நூற்றாண்டுக்கு நீட்டுவது துணிச்சல்தான். ஆனாலும் மால்ச்சா விஷயத்தில் இதைப் பொருட்படுத்தியே ஆகவேண்டும். அரசுக் கோப்பில் ஏக்கரும் ரூபாயும் இருக்கும். மனிதர்கள் பட்டதை அறிய வாய்மொழிதான் கதி. இருபது வயதில் வெளியேறியவர் முப்பதில் சொன்னதும் எழுபதில் சொன்னதும் ஒரே மாதிரி இருந்திருக்க வாய்ப்பில்லை. வெளியேற்றத்தின் ரணம் முன்னதில் தூக்கலாகவும், வயலும் அண்டை அயலும் பின்னதில் தூக்கலாகவும் இருந்திருக்கலாம். இரண்டும் உண்மையே. கிழவரின் கதையில் கனிவு தெரிகிறது என்பதற்காக, இழப்பு அப்படியொன்றும் பெரிதில்லை என்று யாரும் முடிவுகட்டக் கூடாது.

ஹர்சானா கலானில் இன்று எண்பதைத் தாண்டியவர்கள்தான், மால்ச்சாவில் பிறந்தவர்கள் வாயாலேயே கதை கேட்டிருக்கக்கூடிய கடைசித் தலைமுறை. அவர்களிடம் பதிவு செய்யப் போகிறவர்கள் வழக்கையும் இழப்பீட்டையும் மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாமல், என்ன விதைத்தார்கள், எந்தக் கிணற்றில் தண்ணீர் இறைத்தார்கள் என்பதையும், தாத்தா அதைச் சொன்னபோது அவருக்கு என்ன வயது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.