மேடைக்குச் சட்டம் போட்ட கதை

நாடக மேடைன்னு சொன்னதும் நம் கண்முன் வருவது, முன்னால் ஒரு பெரிய திறப்பு, அதில் ஒரு திரை, உள்ளே நடிகர்கள். அந்தத் திறப்பைச் சுற்றியுள்ள அலங்கார வளைவுக்குப் பெயர் ப்ரொசீனியம். மூலம் கிரேக்கச் சொல். 'ஸ்கேனே'வுக்கு (நடிகர்கள் உடை மாற்றும் கட்டடம்) முன்னால் இருப்பது என்று பொருள். பெயர்ப்படி பார்த்தால் அது நடிகர் முன்னால் நிற்கும் இடம். அப்புறம் அவர் எப்படி வளைவுக்குப் பின்னால் போனார்?

1618-ல் இத்தாலியின் பார்மா நகரில் அலியோட்டி கட்டிய ஃபர்னேசே அரங்கில் இந்த வளைவு நிலையான கட்டுமானமாகவே இருந்தது. அதன் வேலை எளிமையானது: காட்சித் தட்டிகள், கயிறுகள், கப்பிகள் எதுவும் பார்ப்பவர் கண்ணில் படக்கூடாது. எங்க தொழிலில் யூசர் இன்டர்ஃபேஸ் செய்யும் அதே வேலைதான்.

லண்டனுக்கு வளைவு வந்த பிறகும் நடிகர்கள் அதற்கு முன்னால் நீண்டிருந்த மேடையில்தான் நடித்தார்கள். 1690-களில் ட்ரூரி லேன் அரங்கின் முதலாளி கிறிஸ்டோபர் ரிச் அந்த முன்மேடையைக் குறைத்து, கூடுதல் இருக்கைகள் போட்டார். அங்கே நடித்த கோலி சிப்பர் 1740-ல் வந்த தன் சுயசரிதையில் இதைச் சொல்லி வருந்துகிறார். முன்பு மேடை சுமார் நாலு அடி முன்னால் இருந்ததாம். மெல்லிய முணுமுணுப்புகூடக் கடைசி வரிசைவரை கேட்குமாம்.

அடுத்த பெரிய மாற்றம் ஹேமார்க்கெட் அரங்கில். பேன்கிராஃப்ட் தம்பதி அங்கே மேடையின் நான்கு பக்கமும், அடிப்பக்கம் உட்பட, தங்க நிறச் சட்டம் அடித்தார்கள். அப்படியே ஓவியத்துக்குப் போடும் சட்டம் மாதிரி. அதே புதுப்பிப்பில், தரைத்தளத்தில் சாதாரண மக்கள் குறைந்த கட்டணத்தில் உட்கார்ந்த 'பிட்' பகுதியும் போனது. அங்கே விலை உயர்ந்த இருக்கைகள் வந்தன. பழைய ஆட்கள் மாடிக்கு அனுப்பப்பட்டார்கள். 1880 ஜனவரி 31, முதல் நாள் காட்சி. "பிட் எங்கே?" என்று ஒரே கூச்சல். நாடகம் தாமதமாகத்தான் தொடங்கியது. ஆனாலும் பிட் திரும்பவில்லை.

ப்ரொசீனியம் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் யதார்த்தவாதம், நான்காவது சுவர் என்று கலைக் காரணங்களைச் சொல்வார்கள். அது தப்பில்லை. ஆனால் இந்த இரண்டு சம்பவங்களிலும் நடிகரைப் பின்னுக்குத் தள்ளியதோடு டிக்கெட் வருமானக் கணக்கும் சேர்ந்தே வருகிறது. இரண்டாவதில், காசு குறைவாகக் கொடுத்தவரும் சேர்ந்தே தள்ளப்பட்டார்.

தமிழில் இதைப் 'படச்சட்ட மேடை' என்கிறோம். அந்தப் பெயர் ஹேமார்க்கெட் மேடைக்குக் கச்சிதமாகப் பொருந்தும். சிப்பர் நின்ற மேடைக்குப் பொருந்தாது. அடுத்த முறை நாடகம் பார்க்கப் போனால், நடிகர் அந்தச் சட்டத்தைத் தாண்டி எத்தனை அடி முன்னால் வருகிறார் என்று பாருங்க. முன்வரிசை டிக்கெட் விலையையும்தான்.