தடம் பார்த்தவர்கள்

கொழும்பு மாணாக்கர் மலைநாட்டுக்குச் சுற்றுலாச் செல்லும்போது தவறாது காணும் இடங்களுள் ஹோர்ட்டன் சமவெளியும் ஒன்று. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலுமிருந்து எம் பாடசாலைக்கு வரும் மாணாக்கரோடு நாமும் அங்குச் சென்றிருந்தோம். கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய ஏழாயிரம் அடி உயரம். விடியற்பனி விலகாத புல்வெளியில் மரைகள் மேய்ந்துகொண்டிருந்தன. ஹோர்ட்டன் சமவெளி, பேக்கர் நீர்வீழ்ச்சி, ஃபார் விடுதி என்று பலகைகளை வாசித்தபடியே வந்த மாணவன் ஒருவன் சட்டென்று நின்றான். "இங்கே எல்லாமே வெள்ளைக்காரர் பெயராய் இருக்கிறதே, சேர்! அவர்களுக்கு முன் இந்த மலைக்கு ஒருவருமே வரவில்லையா?" என்று கேட்டான். அருகிலுள்ள அக்கரப்பத்தனையில் அவனுடைய பாட்டனார் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டியவர். கேள்வி சிறியது, விடையோ ஒரு நூற்றாண்டு வரலாற்றைத் தன்னுள் அடக்கியது. அதனை இங்கே விரித்துரைப்பது எம் கடமையென்று கருதுகிறோம்.

1831 முதல் 1837 வரை இலங்கையின் தேசாதிபதியாக இருந்தவர் சேர் ரொபேர்ட் வில்மட் ஹோர்ட்டன். 1834இல் பிஷர், வாட்சன் என்னும் இரு படை உத்தியோகத்தர் இச் சமவெளியைக் 'கண்டுபிடித்து' அவர் பெயரைச் சூட்டினர் என்று நூல்கள் கூறும். ஆனால் சிங்கள மக்கள் அதற்கு முன்னரே இதனை மகா எலிய என்று வழங்கி வந்தனர். பெயரிட்டு வழங்கிய நிலத்தைப் பிறரொருவர் வந்து கண்டுபிடிப்பது எங்ஙனம்? நீர்வீழ்ச்சிக்குப் பெயர் தந்த சாமுவேல் பேக்கரும், விடுதிக்குப் பெயர் தந்த தோட்டத்துரை தோமஸ் ஃபாரும் வேட்டைக்காரர்கள். ஆகவே இம் மலையின் பெயர்களை அறிய விரும்புவோன் வேட்டையின் வரலாற்றை அறிதல் வேண்டும்.

வேட்டை என்றதும் நம் மனக்கண்ணில் எழுவது துப்பாக்கி ஏந்திய ஒருவனின் உருவம். ஆனால் துப்பாக்கி வெடிப்பது வேட்டையின் கடைசிக் கணம். அதற்குப் பல நாள் முன்பே வேட்டை தொடங்கிவிடுகிறது. எந்த ஓடையில் விலங்கு நீர் அருந்துகிறது, எந்தச் சேற்றிற் புரள்கிறது, எந்த மரத்திற் கொம்பை உராய்கிறது, காற்று எத்திசையினின்று வீசுகிறது என்பனவற்றை ஒருவன் முன்னரே சென்று பார்த்துவர வேண்டும். காலடியின் விளிம்பு கூராக இருக்கிறதா, சரிந்துவிட்டதா. அதன்மேற் பனி விழுந்திருக்கிறதா. முறிந்த கொப்பில் ஈரம் காய்ந்துவிட்டதா. சாணத்திற் சூடு இருக்கிறதா — இவையே அவன் படிக்கும் எழுத்துக்கள். யானையின் முன்காலடிச் சுற்றளவை இருமடங்காக்கினால் அதன் தோளுயரம் ஏறக்குறையக் கிடைத்துவிடும். ஏட்டில் எழுதப்படாத இந்தக் கல்வியைத் தந்தையிடமிருந்து மகன் காட்டிலேயே கற்றான்.

தமிழருக்கும் இக்கல்வி புதிதன்று. குறிஞ்சி நிலத்து வேட்டுவரைச் சங்கச் செய்யுள்கள் அறியும். திண்ணனாரின் கன்னிவேட்டையைச் சேக்கிழார் விரித்துப் பாடினார். ஈழத்திலும் வன்னிக் காடுகளில் யானை பிடித்தல் பெருந்தொழிலாக விளங்கிற்று. வன்னியர் ஒல்லாந்தருக்குத் திறையாக யானைகளையே செலுத்தினர். பிடிபட்டவை யாழ்ப்பாணத்துக்குக் கடந்து சென்ற இடத்தின் பெயரை ஆனையிறவு இன்றளவும் தாங்கி நிற்கிறது. வடக்கிலும் கிழக்கிலும் வாழ்ந்த சோனகப் பணிக்கர் தோற்கயிற்றை மட்டுமே துணையாகக் கொண்டு காட்டு யானையின் பின்காலைப் பிணிக்க வல்லவர்கள். இவர்களையெல்லாம் கொல்லாமை நோற்றவர் என்று நாம் புனைந்துரைக்கவில்லை. விலங்கைக் கொன்றனர், பிடித்தனர், விற்றனர். எனினும் அது அவர்களுக்கு உணவு, பயிர்க்காவல், பிழைப்பு. பொழுதுபோக்கன்று.

1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைப்பட்டபின் நிலைமை மாறிற்று. காட்டில் மாதக்கணக்காகத் தங்கிய படை உத்தியோகத்தருக்கு வேட்டை ஒரு விளையாட்டாயிற்று. பதுளையில் அதிகாரியாயிருந்த மேஜர் ரோஜர்ஸ் கொன்ற யானைகள் 1,400க்கும் மேல். கப்டன் கால்வே என்பவர் அதிற் பாதிக்கு மேற்பட்டவற்றைக் கொன்றார். வீதி அமைத்த மேஜர் ஸ்கின்னரும் அவருக்கு அதிகம் பின்னிற்கவில்லை. இவற்றை எழுதி வைத்தவர் குடியேற்றநாட்டுச் செயலாளராகப் பணியாற்றிய எமர்சன் ரெனன்ற். 1859இல் வெளிவந்த அவர் நூல் மற்றுமொரு கணக்கையும் தருகிறது. யானைக்குத் தலைக்குச் சில சிலிங் வீதம் அரசாங்கம் பரிசளித்தது. 1848க்கு முந்திய மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில் வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளுக்கும், 1851க்கும் 1856க்கும் இடையே தென்மாகாணத்தில் 2,000 யானைகளுக்கும் பரிசு வழங்கப்பட்டது. ரோஜர்ஸ் 1845இல் அப்புத்தளையில் இடிவிழுந்து இறந்தார். நுவரெலியாவில் அவர் கல்லறை இருக்கிறது. அவருக்குத் தடம் காட்டியவர்களுக்குக் கல்லறையுமில்லை, கணக்குமில்லை.

1848ஆம் ஆண்டை இவ்விடத்திற் சற்று நின்று நோக்குதல் வேண்டும். அவ்வாண்டில் சாமுவேல் பேக்கர் நுவரெலியாவிற் குடியேறினார். இங்கிலாந்திலிருந்து கப்பலேற்றி வந்த ஆட்கள், மாடுகள், ஆடுகள் ஆகியவற்றோடு ஒரு வேட்டைநாய்க் கூட்டமும் வந்தது. மரையை அவர்கள் 'எல்க்' என்றனர். வட ஐரோப்பிய விலங்கொன்றின் பெயர் நம் மலை விலங்குக்குச் சூட்டப்பட்டது. வைகறையில் நாய்களுடன் புறப்படுவதும், அவை மரையை ஓடையில் மடக்கியதும் கத்தியாற் குத்திக் கொல்வதும் பேக்கரின் வழக்கம்.

அதே 1848இல் தேசாதிபதி டொரிங்டனின் அரசாங்கம் குடிமக்கள்மீது புதிய வரிகளைச் சுமத்திற்று. துப்பாக்கி ஒன்றுக்கு ஆண்டுக்கு இரண்டரைச் சிலிங் வரி! நாய்க்கும் வரி! அவற்றோடு வீதி வேலைக்கு ஆண்டுக்கு ஆறு நாள் உழைப்பு, அன்றேல் அதற்கீடாகப் பணம்! சேனைப் பயிரைப் பன்றியிடமிருந்து காத்த உழவனின் பழந்துப்பாக்கியும் வாசலிற் கிடந்த அவன் நாயும் இறைவரிக்குரிய பொருள்களாயின. ஒருவனுக்கு விளையாட்டுக் கருவியாயிருந்தது மற்றவனுக்குத் தண்டனைக்குரிய உடைமையாயிற்று. மாத்தளையிற் கலகம் மூண்டது. மொறட்டுவையிற் பிறந்த புரன் அப்பு ஆகஸ்ட் மாதம் 8ஆம் நாள் கண்டியிற் சுட்டுக் கொல்லப்பட்டான். வெள்ளவத்தையிலிருந்து காலி வீதிவழியே தெற்கு நோக்கிச் செல்லும் எவரும் அவன் பிறந்த ஊரைக் கடந்தே செல்கின்றனர்.

பேக்கர் தம் வேட்டை அனுபவங்களை 1854இல் நூலாக வெளியிட்டார். நல்ல எழுத்து, படிப்போரைக் கவரும் எழுத்து. அந்நூலில் அவருடைய நாய்களுக்குப் பெயர் உண்டு. கில்பக், ஸ்மட், பிரான் என்று ஒவ்வொன்றின் குணமும் வீரமும் மரணமும் அன்போடு எழுதப்பட்டுள்ளன. ஆனால் முன்னே சென்று தடம் பார்த்த மனிதரோ பெரும்பாலும் 'சோனகர்', 'கிராமத்தார்', 'சுமைகூலி' என்ற பொதுப்பெயருக்குள் மறைந்து போகின்றனர். பேக்கரைக் கொடியவரென்று தூற்றுவதற்காக இதனைக் கூறவில்லை. தம் காலத்து ஆளும் வகுப்பின் கண்ணாற் பார்த்தார். தமக்குச் சமமெனக் கருதியவற்றைப் பெயர் சொல்லி அழைத்தார். அக் கண்ணையே நாமும் இரவல் வாங்கிக்கொண்டு நம் வரலாற்றைப் பார்க்கலாமா என்பதே எம் வினா.

வேட்டைத்தடம் வேட்டையோடு முடிந்துவிடவுமில்லை. மலைத்தொடரின் முதுகு வழியே, செங்குத்தைத் தவிர்த்து, இலகுவான சரிவைத் தேர்ந்து யானைகள் நடந்து பாதை அமைத்திருந்தன. அப்பாதைகளின் நுட்பத்தை வியந்தவருள் வீதியமைத்த ஸ்கின்னரும் ஒருவர். யானைத்தடத்தைக் கிராமத்தான் அறிந்திருந்தான்; அவனிடமிருந்து வேட்டைக்காரன் அறிந்தான்; வேட்டைக்காரனிடமிருந்து நில அளவையாளனும் தோட்டத்துரையும் அறிந்தனர். பலவேளைகளில் இம் மூவரும் ஒருவரே. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரித்து நிறுவப்படாத காடும் தரிசும் முடிக்குரியவை என்று விதித்தது. நேற்றுவரை கிராமத்தான் விறகும் தேனும் எடுத்த காடு இன்று ஏலப்பொருளாயிற்று. முதலிற் கோப்பி வந்தது. 1869இல் இலைநோய் தோன்றிக் கோப்பியை அழிக்கத் தொடங்கவே, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது.

தோட்டங்களுக்கு உழைக்கத் தமிழகத்து உழவர் மன்னாரிற் கரையேறி, மாத்தளை நோக்கிக் காட்டுவழியே கால்நடையாக வந்தனர். காய்ச்சலும் பசியும் வழிநெடுகப் பலரை விழுங்கின. விலங்கின் தடத்தைத் துரை தேடிய அதே காலத்தில், முன்னே சென்றவன் விழுந்த தடத்தைப் பார்த்தே பின்னே வந்தவன் நடந்தான். அவர்கள் பரம்பரையிற் பெரும்பாலோர்க்குச் சுதந்திர இலங்கை வழங்கிய முதற்பரிசு 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம். அதனால் நாடற்றவராகி எஞ்சியிருந்தோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை உரிமை முழுதாகக் கிட்டவில்லை.

வேட்டைக்காரரே பின்னர்க் காவலராயினர் என்பதையும் நேர்மையோடு சொல்லவேண்டும். விலங்குகள் அருகிவருவதைக் கண்டு 1894இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் அமைத்தோருட் பெரும்பாலோர் துப்பாக்கி ஏந்திய துரைமாரே. தாவர அறிஞர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனைப்படி 1873இல் ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட காடு வெட்டாது விடப்பட்டது. 1937இல் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. ஹோர்ட்டன் சமவெளி 1988இல் தேசிய பூங்காவாயிற்று. 2010இல் மத்திய மலைநாட்டின் பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தது. இவை நற்செயல்கள். ஆயினும் துரை சுட்டபோது 'விளையாட்டு' எனப்பட்டது, கிராமத்தான் சுட்டபோது 'களவு வேட்டை' எனப்பட்டதை மறத்தற்கியலாது. மரைகள் பிழைத்துப் பெருகின. யானைகளோ சமவெளிக்குத் திரும்பவேயில்லை. அவை அமைத்த பாதைகளில் இன்று நாம் நடக்கிறோம்.

கொழும்பிலிருந்து வந்த எமக்கு அம் மலை தொலைவான ஒன்றன்று. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் அச் சமவெளி நீரூட்டுகிறது. அம்பத்தலையிற் களனியாற்று நீரைச் சுத்திகரித்தே நகரத்தின் பெரும்பகுதிக்கு வழங்குகின்றனர். கொட்டாஞ்சேனையில் குழாயைத் திறப்பவன் கையில் விழுவது அம் மலையின் நீர். அங்கே காடு காக்கப்படுவதும், அருகே லயங்களில் வாழும் உழைப்பாளர் மனிதராக மதிக்கப்படுவதும் வெவ்வேறு கவலைகள் அல்ல. காட்டைக் காத்து மனிதனை மறப்பது, நாய்க்குப் பெயரெழுதி வழிகாட்டியை மறந்த பழைய வழக்கத்தின் தொடர்ச்சியேயாகும்.

அன்று அந்த மாணவனுக்கு இத்தனையும் சொல்ல நேரமிருக்கவில்லை. "வந்திருக்கிறார்கள், தம்பி. பெயர் வைக்கும் உரிமை அவர்களிடம் இருக்கவில்லை" என்று மட்டும் சொன்னோம். கொழும்பு திரும்பியதும் சுற்றுலா அறிக்கை எழுதச் சொன்னபோது ஒரு நிபந்தனை விதித்தோம்: ஒவ்வொரு ஆங்கிலப் பெயருக்கும் எதிரே அவ்விடத்தின் பழைய பெயரையோ, அங்கு உழைத்தவரின் தொழிலையோ கேட்டறிந்து எழுதுதல் வேண்டும். அந்த மாணவன் ஃபார் விடுதிக்கு எதிரே எழுதியிருந்தது இது: "இதைக் கட்டக் கல் சுமந்தவர்களின் பெயர் தெரியவில்லை. பாட்டனாரிடம் கேட்டேன். தன் பாட்டனாரிடம் கேட்டிருக்க வேண்டும் என்றார்."

அதற்கு நாம் முழுப்புள்ளி வழங்கினோம்.