இடைவகுப்பும் தகுதிப் புள்ளியும்

கடல் கடந்து செல்லும் விமானமொன்றிலே அருகருகே அமர்ந்திருப்போர் யாவரும் ஒரே கட்டணம் கொடுத்தவரல்லர். கொடுத்த கட்டணம் அவர்தம் இருக்கையை மட்டுமன்றி, அடுத்த பயணத்தில் அவர் பெறும் மதிப்பையும் நிருணயிக்கின்றது. இவ்வழக்கம் உருவான வரலாறு சுவையானது. பயணிக்குப் பாடமாகவும் அமைவது.

1945ஆம் ஆண்டிலே கியூபாவின் ஹவானா நகரில் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் நிறுவப்பட்டது. நாடுகளுக்கிடையிலான கட்டணங்களை அச்சங்கத்தின் மாநாடுகளே வகுத்தன. அரசாங்கங்கள் அவற்றுக்கு ஒப்புதல் அளித்தன. 1952ஆம் ஆண்டு மே மாதத்தில் வட அத்திலாந்திக் வழியிலே உல்லாசப் பயணிகள் வகுப்பும், 1958ஆம் ஆண்டிலே அதனினும் மலிவான சிக்கன வகுப்பும் தோன்றின. சிக்கன வகுப்பினருக்குச் சான்ட்விச் மட்டுமே வழங்கலாம் என்பது விதி. சில ஐரோப்பியக் கம்பனிகள் அதனையே பெருவிருந்தாக அலங்கரித்து வழங்க, அமெரிக்கக் கம்பனி முறையிட்டது. விலையிலே போட்டியிட வழியில்லாத காலத்தில் ரொட்டித் துண்டிலே போட்டி நிகழ்ந்தது என்க.

1978ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் ஜனாதிபதி காட்டர் கையொப்பமிட்ட சட்டம், அமெரிக்க உள்நாட்டுக் கட்டணங்களை அரசின் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்தது. இனி மலிவு தேடிப் பயணிகள் கம்பனி மாறுவர் அன்றோ? அவர்களைத் தம்மிடமே நிறுத்த வழி தேடிய அமெரிக்கன் எயர்லைன்ஸ், 1981 மே 1ஆம் திகதி அட்வான்டேஜ் என்னும் திட்டத்தைத் தொடங்கியது. பறந்த மைல்களைக் கணக்கிட்டுப் பரிசு வழங்கும் திட்டம் அது. சில நாட்களுள் யுனைற்றெட் கம்பனியும் அவ்வழியைப் பின்பற்றியது. காலப்போக்கிலே பரிசோடு தகுதிப் படிகளும் சேர்ந்தன. மேற்படியை எய்தியோர்க்கு முன்னுரிமைப் பதிவும், ஓய்வறையும் கிடைத்தன.

இதற்கிடையே வணிக வகுப்பு மேன்மேலும் ஆடம்பரமாகியது. அதற்கும் சிக்கன வகுப்புக்கும் இடையே பெரும் பள்ளம் விழுந்தது. அப்பள்ளத்தை நிரப்பவே, 1990களின் தொடக்கத்தில் தாய்வானின் ஈவா எயரும், பிரித்தானியாவின் வேர்ஜின் அத்திலாந்திக்கும் ஓர் இடைவகுப்பை அமைத்தன. இன்று பிரீமியம் எக்கொனமி எனப்படுவது இதுவே. பிரிட்டிஷ் எயர்வேஸ் 2000ஆம் ஆண்டிலே இதனை ஏற்றுக்கொண்டது.

இவ்விடைவகுப்பிலே கணக்கறிந்தோர் ஒரு நன்மையைக் கண்டனர். பிரிட்டிஷ் எயர்வேஸின் பழைய முறைப்படி, தகுதிப் புள்ளி தூரத்தையும் வகுப்பையும் பொறுத்தது. இலண்டனிலிருந்து நியூயோர்க்குக்கு ஒருவழிப் பயணம் செய்தால், வணிக வகுப்பில் 140 புள்ளி, இடைவகுப்பில் 90. இடைவகுப்புச் சீட்டு முழு விலைக்கு வாங்கப்பட்டதாயினும், விலைக்கழிவில் வாங்கப்பட்டதாயினும் புள்ளி 90தான். போய்வர 180, நான்கு முறை போய்வந்தால் 720. வெள்ளிப் படிக்கு ஓராண்டில் 600 போதும். ஆகவே மலிவு விற்பனைக் காலத்தை எதிர்நோக்கி, விலையையும் புள்ளியையும் ஒப்பிட்டுச் சீட்டு வாங்குவது பலருக்கு ஒரு கலையாகவே ஆயிற்று. வெள்ளிப் படியினர் பின்னர் சிக்கன வகுப்பிலே பயணஞ் செய்யினும், ஓய்வறையின் கதவு அவர்களுக்குத் திறந்தது.

எனினும், விதியை வகுத்தவர் கம்பனியாரேயன்றிப் பயணிகளல்லர். டெல்டா கம்பனி 2015ஆம் ஆண்டிலே, பரிசு மைல்களைச் செலவிட்ட பணத்தின்படி வழங்கத் தலைப்பட்டது. பிரிட்டிஷ் எயர்வேஸ் 2025 ஏப்பிரல் 1ஆம் திகதி முதல், அரசாங்க வரிகள் நீங்கலாகச் செலவிட்ட ஒவ்வொரு பவுணுக்கும் ஒரு புள்ளி என்று மாற்றியது. வெள்ளிப் படிக்கு 7,500 புள்ளி வேண்டுமாயிற்று. விலை பாதியானால் புள்ளியும் பாதியாகும் என்பதே இதன் பொருள். மலிவுச் சீட்டால் படியேறிவந்தவர்களுக்கு, வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது போலாயிற்று.

கம்பனியாரைக் குறைகூறிப் பயனில்லை. அதிகம் செலவிடுவோரை அவர்கள் விரும்புதல் வணிக இயல்பு. ஆயினும் விதிகள் கம்பனிக்குக் கம்பனி வேறுபடுகின்றன. சீட்டு வாங்குமுன் அவ்வாண்டின் விதியைப் படித்தறிதல் வேண்டும். நீண்ட இரவுப் பயணத்திலே கால் நீட்ட இடமும், சற்றே அகன்ற இருக்கையும் அக்கட்டணத்துக்குத் தகுமா என்பதே முதற் கேள்வி. தகுமாயின் வாங்குக, புள்ளி கிடைப்பின் அது மேலதிக இலாபம். புள்ளிக்காகவே பறப்பவரோ, பிறர் கையிலுள்ள அளவுகோலை நம்பித் தம் பணத்தைச் செலவிடுபவராவர்.