கடல்பாசிக் கட்டியில் முடிந்த ஒரு வழக்கு

நாகர்கோவில் இளங்கடைப் பக்கம் நோன்பு மாசம் வந்தா கடல்பாசி காய்ச்சாத வீடு குறைவு. எனக்கும் அது ரொம்ப நாள் தின்பண்டம் மட்டும்தான். உயிரியல் ஆய்வகத்தில் டிஎன்ஏவைப் பிரிக்கிற அகரோஸ் கட்டியும் கடல்பாசியிலிருந்து வருவதுதான் என்று பிறகுதான் தெரிந்தது.

டிஎன்ஏவுக்கு எதிர்மின்சுமை உண்டு. கட்டியின் இரு முனையிலும் மின்சாரம் கொடுத்தால் அது நேர்முனையை நோக்கி ஓடும். 'அப்போ மின்புலம் சுருளை அவிழ்த்துடாதா?' என்று பலர் கேட்கிறார்கள். சென்டிமீட்டருக்கு 5 வோல்ட் போலக் கொடுக்கும்போது அவிழாது. நூற்கண்டு மாதிரி சுருண்டு கிடக்கும் நீள மூலக்கூறு, பாம்பு போல நீண்டு கட்டியின் துளைகளில் நுழையும். மாறுவது வளைவுதான், இரட்டைச் சுருள் அப்படியே இருக்கும்.

இந்த ஓட்டம் நம்ம ஊர் ஆராய்ச்சி மரபோடு சேர்ந்த ஒரு வழக்கையும் தீர்த்து வைத்தது.

1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்த 'ராமச்சந்திரன் வரைபட'க் கட்டுரையில் ஜி.என். ராமச்சந்திரனோடு வி. சசிசேகரன் பெயரும் இருக்கும். பிறகு பெங்களூரு போன சசிசேகரன், 1976-இல் பட்டாபிராமனோடு சேர்ந்து துணிந்து ஒன்றைச் சொன்னார்: இரு இழைகளும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டே போக வேண்டியதில்லை, கொஞ்சம் வலமும் கொஞ்சம் இடமுமாகத் திரும்பி, பக்கத்தில் பக்கத்தில் கிடக்கலாம். அதே ஆண்டு நியூசிலாந்திலிருந்தும் இதே மாதிரி ஒரு யோசனை வந்தது. வாட்சன்-கிரிக் மாதிரிக்கே சவால், பாத்துக்கிடுங்க!

பதில் கட்டியில் கிடைத்தது. டிஎன்ஏ வளையத்தில் முறுக்கு எண்ணிக்கை ஒன்று மாறினாலும் அது ஓடும் வேகம் மாறி, தனிப் பட்டை விழும். 1979-இல் ஜேம்ஸ் வாங் வளையத்தில் சில காரஇணைகளைக் கூட்டிப் பார்த்தார். பட்டைகள் இடம் நகர்ந்தன. அந்தக் கணக்கில் சுமார் 10.4 இணைக்கு ஒரு முறுக்கு என்று வந்தது. இழைகள் சும்மா பக்கத்தில் கிடந்தால் அப்படி நகராது. கிரிக், வாங், பாயர் மூவரும் அதே ஆண்டு வழக்கை முடித்தார்கள்.

சசிசேகரன் தோற்றார் என்று மட்டும் சொல்லி விடுவது சரியில்லை. அதே 1979-இல் இடஞ்சுழி டிஎன்ஏ படிகத்தில் கண்ணெதிரே வந்தது. எல்லாரும் நம்பியதை அவர் கேள்வி கேட்டார். அதனால்தான் அதை அளந்தே பார்க்க வேண்டி வந்தது.

இப்போ கடல்பாசிக் கிண்ணம் கையில் வந்தா, தின்பதற்கு முன் ஒரு நொடி உற்றுப் பார்க்கிறேன்.