பச்சை மை கையெழுத்தும் நம்ம கம்ப்யூட்டரும்: 2014-ல் நடந்த ஒரு கதை

கொஞ்சம் நீளமான த்ரெட், டீயோட உட்காருங்க.

பெரம்பலூர், அரியலூர் பக்கம் அரசு ஆஸ்பத்திரி டாக்டரிடம் நோயாளிகள் மட்டும் வர்றதில்லை. அட்மிஷன் சீசன் வந்தா மார்க் ஷீட் ஜெராக்ஸோட அட்டெஸ்டேஷனுக்கும் வருவாங்க. பச்சை மையில் கையெழுத்துப் போட்டு சீல் வைத்தால், என்னை முன்பின் பார்த்திராத ஒரு கல்லூரி அந்த நகலை உண்மை நகல் என்று ஏற்றுக்கொள்ளும். அது நம்புவது என்னை இல்லை, சீலை. உங்கள் கம்ப்யூட்டர் ஒரு வெப்சைட்டை நம்புவதும் இதே முறையில்தான். 2014 ஜூலையில் அந்த முறையில் ஓட்டை விழுந்தது. அதுவும் நம்ம நாட்டு சீலில்.

அதுக்கு முன்னாடி, ஒட்டுக்கேட்பது எப்படி என்று பார்த்துவிடலாம். ஓபியில் சிஸ்டர் பேரைச் சொல்லிக் கூப்பிடும்போது எல்லார் காதிலும் விழும். ஆனா பேருக்கு உரியவர் மட்டும் எழுந்து போவார். பழைய ஆபீஸ் நெட்வொர்க் அப்படித்தான் வேலை செய்தது. ஒரே ஒயரில் எல்லா கம்ப்யூட்டருக்கும் எல்லாத் தகவலும் போகும். தனக்கு வராததை நெட்வொர்க் கார்டு ஒதுக்கிவிடும். ஒதுக்காதே, எல்லாத்தையும் வாங்கிக்கோ என்று அந்தக் கார்டிடம் சொல்லிவிட்டால் போதும், ஒட்டுக்கேட்பு ஆரம்பம்.

1988-ல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் வான் ஜேக்கப்சன் குழு டிசிபிடம்ப் என்ற மென்பொருளை எழுதியது. நெட்வொர்க் ஏன் மெதுவாகுது என்று கண்டுபிடிக்க உதவும் கருவி அது. நமக்கு ஸ்டெதாஸ்கோப் மாதிரி. எல்லாத்தையும் கேட்டால் மெஷின் திணறும் என்பதால், வேண்டியதை மட்டும் ஆரம்பத்திலேயே பிரித்தெடுக்கும் வடிகட்டி ஒன்றை ஜேக்கப்சனும் ஸ்டீவன் மெக்கேனும் 1993-ல் ஒரு கட்டுரையில் விளக்கினார்கள். ஓபியில் நூறு பேர் நிற்கும்போது காய்ச்சல் கேஸை மட்டும் தனி வரிசைக்கு அனுப்புகிற மாதிரி. 1998-ல் ஜெரால்ட் கூம்ப்ஸ் வெளியிட்ட ஈத்தீரியல் வந்த பிறகு இதையெல்லாம் மவுஸால் கிளிக் செய்தே பார்க்கலாம் என்றானது. இன்றைக்கு அதன் பெயர் வயர்ஷார்க்.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் பிரவுசிங் சென்டரில் ஆர்குட் பார்த்தவங்க இருந்தா ஒன்று யோசிங்க. அந்தக் காலத்தில் பெரும்பாலான சைட்டுகளில் நீங்க படிச்சது, எழுதினது எல்லாம் தபால் கார்டு மாதிரி திறந்தேதான் போனது. 2010 அக்டோபரில் எரிக் பட்லர் என்பவர் ஃபயர்ஷீப் என்று ஒரு ஃபயர்பாக்ஸ் ஆட்-ஆன் வெளியிட்டார். ஒரே வைஃபையில் இருக்கும் இன்னொருவரின் ஃபேஸ்புக் கணக்குக்குள் ஒரு கிளிக்கில் நுழையலாம். அயோக்கியத்தனம் என்று திட்டினார்கள். என்னைக் கேட்டால் நல்ல வேலை. வருஷக்கணக்கா எச்சரித்தும் நடக்காதது அதற்குப் பிறகுதான் வேகம் பிடித்தது. 2013-ல் ஃபேஸ்புக் எல்லாருக்கும் எச்டிடிபிஎஸ் கொடுத்தது.

தபால் கார்டு உறைக்குள் போனது. இனி நடுவில் இருப்பவன் படிக்க வேண்டுமானால், நான்தான் கூகுள் என்று உங்கள் கம்ப்யூட்டரை நம்பவைக்க வேண்டும். அதற்கு ஒரு சான்றிதழும், அதில் நம்பகமான ஒரு சீலும் வேண்டும். யார் யார் சீலை நம்பலாம் என்ற பட்டியல் விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. 2014-ல் அதில் இந்திய அரசின் சிசிஏ அமைப்பும் இருந்தது. சிசிஏவிடம் அதிகாரம் பெற்று சான்றிதழ் கொடுத்து வந்தது என்ஐசி. ஆமா, நம்ம கலெக்டர் ஆபீசில் இருக்கும் அதே என்ஐசிதான். அரியலூர் மாவட்ட சைட்டின் முகவரியிலேயே 'நிக்' என்று வரும், பார்த்திருப்பீங்க.

2014 ஜூலை 2. கூகுளின் சில முகவரிகளுக்கு, கூகுள் கேட்காமலேயே, என்ஐசி பெயரில் சான்றிதழ்கள் உலவுவது கூகுளுக்குத் தெரிய வந்தது. மறுநாளே சிசிஏ, என்ஐசிக்குக் கொடுத்திருந்த சான்றிதழ்களை ரத்து செய்தது. 8-ம் தேதி விளக்கம் வந்தது: என்ஐசியின் சான்றிதழ் வழங்கும் முறைக்குள் யாரோ ஊடுருவியிருக்கிறார்கள். தவறாகப் போனவை நாலே நாலு, மூன்று கூகுளுக்கு, ஒன்று யாகூவுக்கு.

அந்த நாலில் சேராத சான்றிதழ்களும் எங்களுக்குத் தெரியும் என்றது கூகுள். சீல் தொலைந்த ஆபீசே எத்தனை பேப்பரில் குத்தியிருக்கு என்று எண்ணிச் சொன்னால் இப்படித்தான் ஆகும். சிசிஏ சீலை இனி ஏழு முகவரிகளுக்கு மட்டுமே ஏற்பது என்று குரோம் முடிவெடுத்தது. அரசின் ஜிஓவி, நிக், கல்லூரிகளின் ஏசி, ரிசர்வ் வங்கி என்று ஒரு சின்னப் பட்டியல். ஃபயர்பாக்ஸ் தனக்கென்று வேறு பட்டியல் வைத்திருந்தது. சிசிஏ அதில் இல்லாததால் தப்பித்தது.

ஜூலை 10-ல் மைக்ரோசாஃப்ட் இந்தச் சான்றிதழ்களை நம்பக்கூடாதவை என்று ஒதுக்கியது. இந்த அப்டேட் எக்ஸ்பிக்கு வரவில்லை. அந்த ஏப்ரல் 8-லேயே எக்ஸ்பிக்கான ஆதரவு நின்றுவிட்டது. பாஸ் லினக்ஸுக்கு மாறுங்க என்று தமிழக அரசும் சொல்லியிருந்தது. சொன்னது ஒன்று, மேஜையில் இருப்பது ஒன்று என்பது அரசு ஆபீஸ் பார்த்தவங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இதில் டாக்டருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். குன்னத்திலோ செந்துறையிலோ ஒரு பெண் கர்ப்பமானால் அவர் விவரம் பிக்மி சைட்டில் ஏறுகிறது. டிபி நோயாளியின் விவரம் நிக்ஷய்க்குப் போகிறது. எச்ஐவி ரிசல்ட்டை நான் நோயாளியின் காதோரம் சொல்கிறேன். அதே ரிசல்ட்டை டைப் செய்யும் கம்ப்யூட்டர் யார் சீலை நம்புகிறது என்பதும் அந்த ரகசியத்தில் சேர்த்திதான்.

கடத்துபவன் வெளியிலிருந்துதான் வரணும் என்றும் இல்லை. லெனோவோவின் சில லேப்டாப்களில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருள் தனக்கே ஒரு சீல் செய்து அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது 2015 பிப்ரவரியில் வெளியானது. எல்லா லேப்டாப்பிலும் ஒரே சீல், ஒரே ரகசியச் சாவி. அந்தச் சாவியையும் வல்லுநர்கள் சீக்கிரமே எடுத்துக் காட்டினார்கள். வைரஸ் தேடுகிறேன் என்று உறையைப் பிரித்து ஒட்டும் ஆன்டிவைரஸ்களும் இதே வழியில்தான் வேலை செய்கின்றன, உங்கள் அனுமதியோடு.

உங்க விண்டோஸ் மெஷினில் ஸ்டார்ட்டை அழுத்தி செர்ட்எம்ஜிஆர் டாட் எம்எஸ்சி என்று ஆங்கிலத்தில் டைப் பண்ணுங்க. 'டிரஸ்டட் ரூட்' என்று ஆரம்பிக்கும் ஃபோல்டரைத் திறந்தா அந்தப் பட்டியல் வரும். எதையும் அழிச்சிடாதீங்க, படிச்சுப் பாருங்க போதும். புரியாத பேர் ஏதாவது இருந்தா கமெண்ட்ல போடுங்க.