மூளைத் தந்துகிக் குருதியோட்டம்

மூளைத் திசுவுக்கு ஆக்சிஜனும் குளுக்கோசும் கைமாறும் இடம், தந்துகி எனும் மிகச் சிறிய ரத்தக் குழாய். உடல் எடையில் ஏறத்தாழ 2 சதவீதமே உள்ள மூளை, உடல் செலவிடும் ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. கையிருப்பு அநேகமாக இல்லாததால், ரத்தம் நின்ற சில நொடிகளிலேயே நினைவு தப்பிவிடும்.

தந்துகியின் விட்டம் 5 முதல் 8 மைக்ரான். சிவப்பணுவின் விட்டமும் கிட்டத்தட்ட அதுவே. ஆகவே அணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக, உடலை வளைத்து மடித்துக்கொண்டு, நொடிக்கு ஒரு மில்லிமீட்டர் போல நகர்கின்றன. ஆக்சிஜன் பிரிந்து போக அந்த மெதுவான நடை அவசியம்.

மூளையின் ஒரு பகுதி சுறுசுறுப்படைந்தால் அங்கே ரத்தம் கூடுகிறது என்பதை ராய், ஷெரிங்டன் என்ற இரு ஆய்வாளர்கள் 1890இல் முன்வைத்தார்கள். தந்துகிக்கு முந்தைய நுண்தமனிகளின் தசைகள் தளர்வதே இதற்கு முதன்மைக் காரணம். தந்துகியைத் தழுவியிருக்கும் பெரிசைட் அணுக்களின் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. குழாயின் ஆரம் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே, அழுத்தம் மாறாதவரை, ஓட்டம் மூன்றில் ஒரு பங்கு குறையும் என்பது பாய்சூய் விதியின் கணக்கு. ரத்தக் கொதிப்பையும் சர்க்கரையையும் அலட்சியம் செய்யக் கூடாது என்பதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை: ஆண்டுக்கணக்கில் அவை நுண்தமனிச் சுவரைத் தடிக்கச் செய்கின்றன. பக்கவாதம் போல ஒரே நாளில் அடித்து வீழ்த்தாமல், நடையிலும் நினைவிலும் சேதம் மெல்லச் சேர்கிறது.

உயிரோடிருப்பவரின் தந்துகிகள் வழக்கமான எம்.ஆர்.ஐ. படத்தில் தனித்தனியாகத் தெரியாது. மூளையின் வெண்பொருளில் தோன்றும் வெள்ளைத் திட்டுகளைக் கொண்டே சிறு குழாய்களின் நிலையை ஊகிக்கிறார்கள். நேரில் பார்க்க இறந்தவரின் திசுதான் வேண்டும். பெங்களூருவின் நிம்ஹான்ஸ் எனும் மனநல, நரம்பியல் நிறுவனத்தில் 1995இல் தொடங்கிய மூளை வங்கி, உறவினர் இசைவுடன் பெற்ற மூளைகளை ஆய்வுக்காகப் பாதுகாக்கிறது. துயர வேளையில் அந்த இசைவைத் தருவது பெரிய கொடை.

அதே நகரில், இந்திய அறிவியல் கழக வளாகத்திலுள்ள மூளை ஆய்வு மையம், கோலார் மாவட்டத்து ஸ்ரீனிவாசபுரா கிராமங்களில் 45 வயதைக் கடந்தவர்களை 2018 முதல் தொடர்ந்து கவனித்து வருகிறது. இலக்கு 10,000 பேர். ரத்தப் பரிசோதனை, நினைவாற்றல் சோதனை, மூளைப் படம் ஆகியவற்றைக் குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பத் திரும்ப எடுக்கிறார்கள். மறதிநோய் பற்றிய நீண்டகாலத் தரவுகளில் பெரும்பகுதி மேலைநாட்டு நகரவாசிகளுடையது. மாந்தோப்புகளிலும் வயல்களிலும் உழைத்து மூப்படைந்தவர்களின் மூளை ரத்தக் குழாய்கள் அந்தக் கணக்கில் அநேகமாக இடம்பெற்றதே இல்லை.